வயரா, வயர்லெஸ்ஸா? வீட்டுப் பாதுகாப்பு அமைப்பு வாங்கும் முன் எழும் கேள்விகள்

வீட்டுக்கு அலாரமும் கேமராவும் வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் வரும் முதல் குழப்பம் இதுதான். ஒருவர் வயர்தான் உறுதி என்பார். இன்னொருவர் காலம் மாறிவிட்டது, வயர்லெஸ்ஸே போதும் என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் உங்கள் வீட்டைப் பார்க்காமல் இருவரும் பேசுகிறார்கள். அதனால் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்னால் முடிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"வயர்லெஸ்" என்று எழுதியிருந்த கேமராவை வாங்கினேன். அதற்கும் கரண்ட் வயர் போகிறதே, ஏன்?

நியாயமான சந்தேகம். ஒரு கருவிக்கு இரண்டு தேவைகள் உண்டு: ஓடுவதற்கு மின்சாரம், பார்த்ததைச் சொல்ல ஒரு வழி. வைஃபை கேமராவில் இரண்டாவதுதான் காற்றில் போகிறது. மின்சாரத்துக்கு அடாப்டரும் வயரும் வேண்டும். பேட்டரி கேமரா, பேட்டரி போட்ட கதவு சென்சார் போன்றவற்றுக்கு மட்டும்தான் எந்த வயரும் கிடையாது.

வயர் அலாரத்தில் பேனலில் இருந்து, அதாவது எல்லாச் சென்சாரையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து, ஒவ்வொரு சென்சாருக்கும் பல இழைகள் கொண்ட மெல்லிய கேபிள் போகும். மின்சாரம் தேவைப்படும் சென்சார்களுக்கு ஒரு ஜோடி 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோகும், இன்னொரு ஜோடி தகவலைக் கொண்டுவரும். பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) கேமரா என்றால் ஒரே நெட்வொர்க் கேபிளில் இரண்டும் போய்விடும். 2003-ல் வந்த முதல் பிஓஇ தரமே கேபிள் கிளம்பும் நெட்வொர்க் ஸ்விட்ச் பக்கத்தில் 15.4 வாட் வரை தரும். சாதாரண வீட்டுக் கேமராவுக்கு அது தாராளம்.

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தக் கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? இது பேனலுடன் எந்த வழியில் பேசுகிறது? பேச்சு நின்றுபோனால் எனக்கு எப்போது தெரியும்? என்னைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். விளம்பரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை.

திருடன் வயரை வெட்டிவிட்டால் வயர் அலாரம் செத்துவிடுமா?

சரியாக மாட்டியிருந்தால் சாகாது. வெட்டியதே அலாரத்தைக் கிளப்பிவிடும்.

கதவுச் சட்டத்தில் இருக்கும் சென்சார் ஒரு சின்ன ஸ்விட்ச்தான். கதவில் ஒட்டிய காந்தம் அருகில் இருக்கும்வரை அது மூடியிருக்கும், சுற்றில் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் காந்தம் விலகும், ஓட்டம் நிற்கும், பேனல் விழித்துக்கொள்ளும். வயரை வெட்டினாலும் ஓட்டம் நிற்கத்தான் செய்யும்.

விவரம் தெரிந்தவன் வெட்ட மாட்டான். இரண்டு இழைகளையும் உரித்து ஒன்றோடொன்று சேர்த்துவிடுவான். அப்போது கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே பேனல் நினைக்கும். இதைத் தடுக்கத்தான் வயரின் கடைசி முனையில், அதாவது சென்சாருக்குள்ளேயே, ஒரு ரெசிஸ்டர், அதாவது சிறிய மின்தடை, வைக்கிறார்கள். அதன் மதிப்பு பேனலுக்குப் பேனல் மாறும். அந்தக் குறிப்பிட்ட மதிப்பு தெரிந்தால் எல்லாம் சரி. பூஜ்யத்துக்கு இறங்கினால் யாரோ வயரைச் சேர்த்துவிட்டார்கள். எல்லையில்லாமல் ஏறினால் கதவு திறந்திருக்கிறது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. இரண்டு ரெசிஸ்டர் போட்டால் கதவு திறந்ததையும் வயர் அறுந்ததையும் தனித்தனியாகவே பிரித்துச் சொல்லும். அலாரம் ஆன் செய்யாத பகல் நேரத்தில் வயரைத் தொட்டால்கூடத் தெரிந்துவிடும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வேலை சுலபம் என்று ரெசிஸ்டரைச் சென்சாரில் வைக்காமல் பேனல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வெளியில் இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, சோதனையிலும் கதவைத் திறந்தால் சைரன் அடிக்கும். ஆனால் நடுவில் வயரைச் சேர்த்துவிட்டால் பேனலுக்கு எதுவும் தெரியாது. மாட்ட வருகிறவரிடம் "ரெசிஸ்டரை எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் வீடு அது.

வயர்லெஸ் சிக்னலைத் தடுக்க முடியுமா? ஹேக் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எல்லா வயர்லெஸ்ஸும் ஒன்று அல்ல, அதனால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மலிவான அலாரம் பெட்டிகளில் பல 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். அவற்றில் சில, ரிமோட்டை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் அனுப்புகின்றன. அருகில் இருந்து அதைப் பதிவுசெய்து திரும்ப ஒலிபரப்பினால் அலாரம் ஆஃப் ஆகிவிடும். இதற்கு ஆழ்ந்த அறிவெல்லாம் தேவையில்லை. நல்ல அமைப்புகளில் ஒவ்வொரு முறையும் அந்த எண் மாறும், அல்லது செய்தி முழுக்க ஏஇஎஸ் 128 பிட் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாத அலாரத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது ஜாமிங். அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டினால் சென்சாரின் குரல் பேனலுக்குக் கேட்காது. இதை முழுதாகத் தடுக்க வழியில்லை. ஆனால் கண்டுபிடிக்க வழி உண்டு. நல்ல பேனல் அலைவரிசையைக் கவனித்துக்கொண்டே இருந்து, இரைச்சல் நீடித்தால் எச்சரிக்கும். அதோடு ஒவ்வொரு சென்சாரும் குறித்த இடைவெளியில் "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். அது வராவிட்டால் பேனல் கேள்வி எழுப்பும். இந்த இடைவெளி சில அமைப்புகளில் ஒரு நிமிடத்துக்குள், சிலவற்றில் பல மணி நேரம். ஒருவழியாக மட்டும் பேசும் மலிவான சென்சார்கள் பலவற்றில் இந்த ஏற்பாடே கிடையாது. பேட்டரி தீர்ந்து மாதக்கணக்கில் செத்துக்கிடந்தாலும் ஆப்பில் "கதவு மூடியிருக்கிறது" என்றே காட்டும். எங்கள் வீட்டுப் பின்கதவு சென்சார் அப்படித்தான் கிடந்தது. தற்செயலாகச் சோதித்தபோதுதான் தெரிந்தது. எத்தனை இரவு அந்தக் கதவு காவலில்லாமல் இருந்தது என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

வைஃபை கேமராவின் பலவீனம் வேறு. பழைய வைஃபையில், "இணைப்பைத் துண்டி" என்ற கட்டளை உண்மையிலேயே ரூட்டரில் இருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. வெளியில் நிற்கும் ஒருவர் அதைப் போலியாக அனுப்பி உங்கள் கேமராவை நெட்வொர்க்கில் இருந்து தள்ளிவிட முடியும், பாஸ்வேர்டே தெரியாமல். 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்புத் தரம் இந்தக் கட்டளைகளுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ரூட்டரும் கேமராவும் இரண்டுமே அதைப் புரிந்துகொண்டால்தான் பலன். இல்லையென்றால் மெமரி கார்டு போடும் கேமராவாக வாங்குங்கள். வைஃபை போனாலும் கார்டில் பதிவு தொடரும்.

வயர் கேமராவை ஹேக் செய்ய முடியாதுதானே?

இந்த நம்பிக்கை ஆபத்தானது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் இன்டர்நெட்டில் இருந்த ஏராளமான கேமராக்களையும் டிவிஆர் எனப்படும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு, அந்த ஆண்டு அக்டோபரில் இணையதள முகவரிகளைக் கையாளும் டைன் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. அது பயன்படுத்திய வழி, கம்பெனியில் இருந்து வரும் அதே பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் வைத்திருந்ததுதான். கேமரா வயரில் இருந்ததா காற்றில் இருந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்டேட் வருகிற பிராண்டை எடுங்கள். அப்புறம் ஒன்று: வாசலுக்கு வெளியே தொங்கும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால், உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்த மாதிரிதான். கனெக்டரை மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கேமராக்களை என்விஆரின் (நெட்வொர்க் கேமராக்களின் பதிவுப் பெட்டி) பின்னாலேயே இருக்கும் போர்ட்டுகளில் இணைத்தால் அவை வீட்டுக் கணினிகளில் இருந்து பெரும்பாலும் தனியாகவே இருக்கும்.

கரண்ட் போனால் எது தாங்கும்?

அலாரத்தைப் பொறுத்தவரை இரண்டுமே தாங்கும். வயர் பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருப்பது வழக்கம். எல்லாச் சென்சாரும் சேர்ந்து கால் ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 28 மணி நேரம். பேட்டரி பழசானால் அதில் பாதிகூட நிற்காது. மூன்று முதல் ஐந்து வருடத்தில் அதை மாற்றிவிட வேண்டும். பலர் பேனல் மாட்டிய நாளோடு அதை மறந்துவிடுகிறார்கள். வயர்லெஸ் சென்சார்களுக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் கவலையில்லை, பேனலுக்கு மட்டும் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராதான் பிரச்சினை. நான்கு கேமரா, என்விஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் அளவுக்கு இழுக்கும். அதே 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணிதான். யுபிஎஸ்ஸின் இழப்பும் போக ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். இங்கே பிஓஇக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ஸ்விட்ச், என்விஆர், ரூட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டால் எல்லாக் கேமராவும் சேர்ந்து ஓடும். வைஃபை கேமராக்கள் வீட்டின் நான்கு மூலையில் நான்கு பிளக்கில் இருக்கும். எல்லாவற்றுக்கும் பேக்கப் கொடுப்பது நடக்கிற காரியமில்லை.

இன்டர்நெட் போனால்?

சைரன் அடிக்கும், என்விஆரில் பதிவாகும், உங்கள் போனுக்குத்தான் செய்தி வராது. வயர் அமைப்பும் வீட்டுக்கு வெளியே பேச அதே ரூட்டரைத்தான் நம்பியிருக்கும். ஆகவே எதை வாங்கினாலும் சிம் போடும் வசதி உள்ள பேனலாகப் பாருங்கள். அந்த சிம் எந்தத் தலைமுறை நெட்வொர்க்கில் ஓடும் என்றும் பாருங்கள். 2022-ல் அமெரிக்காவில் 3ஜி சேவைகளை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த பழைய அலாரம் பேனல்கள் வெளியே பேச முடியாமல் போயின. 2ஜி, 3ஜி மட்டும் உள்ள பேனலை இப்போது புதிதாக வாங்குவதில் அர்த்தமில்லை.

வாடகை வீடு. என்ன செய்யலாம்?

வயர்லெஸ்தான், யோசிக்கவே வேண்டாம். சுவரில் துளை இல்லை, கழற்றி எடுத்துப் போகலாம்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போதே என்ன முடிவு செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பூச்சு வேலைக்கு முன்பே கேட்பவர் அதிர்ஷ்டசாலி. எந்த அமைப்பு என்று இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் பைப்பைப் பதித்துவிடுங்கள். சுவருக்குள் காலியாக ஒரு பைப் இருந்தால் பத்து வருடம் கழித்தும் எந்த கேபிளையும் இழுக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் சுவரை உடைக்க வேண்டும்.

எங்கெங்கே என்றால், முன்வாசல், பின்வாசல், வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படி உச்சி, சைரன் வைக்கப்போகும் உயரமான வெளிச்சுவர். ஒவ்வொரு வெளிக்கதவின் சட்டத்துக்கும் ஒரு மெல்லிய பைப். எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். அது வாசலில் இருந்து பார்த்தால் தெரியாத, ஆனால் காற்றோட்டம் உள்ள அலமாரியாக இருக்கட்டும். மின்சார வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள், தனிப் பைப் கேளுங்கள். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கட்டும். வளைவுகள் குறைவாக இருக்கட்டும், உள்ளே ஒரு இழுகயிறு விட்டுவைக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்தால் பின்னால் டிரில் போடும்போது அதன் அருமை தெரியும்.

நெட்வொர்க் கேபிள் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலான வீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை கேபிளின் தரத்தில்தான். தாமிரம் பூசிய அலுமினியக் கம்பியைத் தாமிரக் கேபிள் என்றே விற்கிறார்கள். இழையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதில் மின்தடை அதிகம், பிஓஇ ஓடும்போது சூடாகும், மடிப்பில் ஒடியும். சுவருக்குள் போனபின் மாற்ற முடியாத பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கட்டி முடித்த வீட்டில் வயர் இழுக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா இடத்துக்கும் இழுக்க வேண்டியதில்லை. கேமராக்கள் பெரும்பாலும் வெளிச்சுவரில் வருவதால் அவற்றுக்கு வெளிப்புறமாகவே பைப் போட்டு வயர் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் கதவு, ஜன்னல் சென்சார்களுக்கு வயர்லெஸ். இரண்டையும் ஏற்கும் கலப்புப் பேனல்கள் கிடைக்கின்றன. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கலவையைத்தான்.

ஏற்கெனவே பழைய வயர் அலாரம் இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா?

வேண்டாம்! கதவில் இருக்கும் காந்த ஸ்விட்ச் சுலபத்தில் கெடாது, சுவருக்குள் இருக்கும் தாமிரம் அதைவிடவும் நிலைத்தது. பழசானது பேனல்தான். பழைய வயர்களை அப்படியே ஏற்றுக்கொண்டு புதிய அமைப்புக்குச் செய்தி அனுப்பும் மாட்யூல்கள் உண்டு. முதலில் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு வயரும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுச் சுவர் கனமானது. வயர்லெஸ் எட்டுமா?

வாங்கும் முன் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை விடச் சுவரை நன்றாகத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். கம்பி நிறைந்த கான்கிரீட், இரும்புக் கதவு, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் எதிரிகள். பெட்டியில் எழுதியிருக்கும் தூரம் திறந்தவெளியில் அளந்தது.

திருகு போடுவதற்கு முன் சென்சாரை டேப்பால் அதே இடத்தில் ஒட்டி, எல்லாக் கதவையும் மூடி, பேனலின் சிக்னல் சோதனையை ஓட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். இரும்புக் கதவு என்றால் சென்சாரைக் கதவில் ஒட்டாமல் சட்டத்துக்கு மாற்றுங்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

சிஆர்2032 பட்டன் செல் போட்ட கதவு சென்சாருக்கு ஒன்றிரண்டு வருடம், சிஆர்123ஏ போட்டவற்றுக்குச் சில வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்கதவு நாளுக்கு ஐம்பது முறை திறக்கும், மாடி ஜன்னல் மாதம் ஒரு முறை. எல்லா சென்சாரின் பேட்டரியும் ஒரே நாளில் தீராது. லித்தியம் செல்லின் வோல்டேஜ் கடைசிவரை சமமாக இருந்துவிட்டுச் சட்டென்று விழும், அதனால் ஆப்பில் தெரியும் சதவீதத்தை முழுசாக நம்பாதீர்கள். எச்சரிக்கை வந்த அன்றே மாற்றுங்கள்.

கேமராவில் பேட்டரி நல்லதா, வயர் நல்லதா?

கேமராவில் நான் தயங்காமல் வயர் பக்கம்தான். பேட்டரி கேமரா பெரும்பாலான நேரம் தூங்கும். உடல் வெப்பம் நகர்வதை உணர்ந்தபின் எழுந்துதான் பதிவைத் தொடங்கும். அந்த இடைவெளியில் வேகமாக வந்தவர் சட்டகத்தைக் கடந்துவிடுவார். கிடைப்பது முதுகு மட்டும். ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்க வைப்பவர்களும் உண்டு. அந்த வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, கேமரா எழவே எழாது.

வயர் கேமரா 24 மணி நேரமும் பதிவுசெய்யும். விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு நாளுக்கு ஏறக்குறைய 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆறு நாள்கூட முழுசாக வராது. இரண்டு வாரப் பதிவு வேண்டுமென்றால் அதற்கேற்ற டிஸ்க் போடுங்கள்.

வயர் கேமரா பகலில் நன்றாக இருக்கிறது, இரவில் மட்டும் அணைந்து அணைந்து வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கேமரா கெடவில்லை, வயர் மெல்லியது. இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது மின்னோட்டம் ஏறும். அரை சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் 30 மீட்டர் தூரத்துக்குப் போய்வர மின்தடை சுமார் 2 ஓம். ஒரு ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் கேமராவுக்கு 10தான் வந்து சேரும். அது தாங்காமல் அணையும், அணைந்ததும் வோல்டேஜ் ஏறும், மறுபடி எழும். தடிமனான வயர் போடுங்கள், அல்லது பிஓஇக்கு மாறுங்கள். பிஓஇயில் 48 வோல்ட் அளவில் போவதால் இந்த இழப்பு மிகக் குறைவு.

மின்னல்?

இதில் வயர்லெஸ்ஸுக்குத்தான் வெற்றி. வெளிக் கம்பத்தில் இருக்கும் கேமராவின் தாமிர வயர், அருகில் விழும் மின்னலின் அதிர்வை நேராக என்விஆருக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்து ஒழுங்காக எர்த் கொடுங்கள். தனியாக இருக்கும் இன்னொரு கட்டடத்துக்குப் போவதென்றால் ஃபைபர் கேபிள் இழுப்பது நல்லது, அதில் மின்சாரம் கடக்காது.

எல்லாம் மாட்டியாயிற்று. எப்படிச் சோதிப்பது?

மாட்டியவர் கிளம்புவதற்கு முன்பே, அவர் எதிரிலேயே. அலாரத்தை ஆன் செய்து ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் திறந்து, பேனலில் சரியான பெயர் வருகிறதா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்தால் "ஜன்னல் 3" என்று காட்டும் வீடுகள் ஏராளம். மெயினை அணைத்துப் பாருங்கள். ரூட்டரைப் பிடுங்கி, சிம் வழியாகச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு சைரன் கேட்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, வயர்லெஸ் சென்சார் ஒன்றில் இருந்து பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மூடியைத் திறந்ததற்கான எச்சரிக்கை உடனே வரலாம், அது வேறு. அந்தச் சென்சாரைக் காணவில்லை என்று பேனல் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஆகியும் எதுவும் சொல்லவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் கடைக்கு எடுத்துப் போங்கள்.